நெட் முதல் தாளில் தருக்கம்: மணிமேகலை படித்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட் எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு பாடக்காரர்களுக்கும் பாதியாவது உதவும்.

சொந்தப் பாடமான இரண்டாம் தாள் நமக்குப் பயமில்லை. தொல்காப்பியம், சங்க இலக்கியம், காப்பியம் என்று பழகிய இடம்தான். எல்லாப் பாடக்காரருக்கும் பொதுவான முதல் தாள்தான் ஆளைக் கவிழ்க்கும். அதிலும் ஆறாம் அலகான 'லாஜிக்கல் ரீசனிங்', அதாவது தருக்கம், இருக்கிறதே, அதைப் பார்த்ததும் நம்மில் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறோம். முதல் இரண்டு முறை நானும் அப்படித்தான் செய்தேன். பிரமாணம், வியாப்தி, ஹேத்வாபாசம் என்று வரிசையாக வந்தால் என்ன செய்வது? ஆங்கில எழுத்தில் சமஸ்கிருதம், அதற்கு ஆங்கிலத்திலேயே விளக்கம். ஒரு பயிற்சி மையத்தில் 6,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். அங்கே இந்தப் பகுதிக்கு ஒதுக்கியது ஒரே ஒரு மதியம். "இதுல ரெண்டு கேள்விதான் வரும், ஏதாவது ஒன்ன டிக் பண்ணிட்டுப் போங்க" என்றார்கள்.

மூன்றாம் முறை படிக்கும்போது ஒரு நாள் மேசையின் இடப்பக்கம் முதல் தாள் கைடு விரிந்திருந்தது. வலப்பக்கம் இரண்டாம் தாளுக்காக மணிமேகலை. கைடில் ஓர் எடுத்துக்காட்டு: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, சமையலறையைப் போல. மணிமேகலையில் நான் திறந்து வைத்திருந்தது 29ஆம் காதை. அங்கேயும் அதே மலை, அதே புகை, அதே அடுக்களை. எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் இந்தக் காதையை 'பௌத்தத் தருக்கம் கூறுகிறது' என்று ஒரே வரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்.

அதன் பிறகு இந்த அலகை எப்படிப் படித்தேன், எங்கெங்கே சறுக்கினேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பாடத்திட்டத்தை அச்செடுங்கள்

யுஜிசி நெட் தளத்தில் முதல் தாளின் பாடத்திட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறாம் அலகு இருக்கும் பக்கத்தை மட்டும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். முதல் தாளில் பத்து அலகுகள், 50 கேள்விகள், கேள்விக்கு 2 மதிப்பெண். அலகுக்கு ஐந்து கேள்வி என்று கணக்குப் போட்டால் இங்கே 10 மதிப்பெண் காத்திருக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

அந்த ஒரு பத்தியில் இரண்டு தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. முன்பாதி மேலைத் தருக்கம்: வாதத்தின் அமைப்பு, நால்வகை வாக்கியங்கள், எதிர்நிலைச் சதுரம், வழுக்கள், வென் படம். பின்பாதி இந்தியத் தருக்கம்: ஆறு பிரமாணங்கள் (அறிவைப் பெறும் வழிகள்), அனுமானத்தின் அமைப்பும் வகையும், வியாப்தி, ஹேத்வாபாசம். இரண்டையும் கலந்து படிக்காதீர்கள். நமக்குப் பின்பாதியே எளிது, அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்தியத் தருக்கம் 2019 ஜூன் தேர்விலிருந்து நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில்தான் சேர்ந்தது. சீனியர் கொடுத்த பழைய கைடு, பழைய புத்தகக் கடையில் 80 ரூபாய்க்குக் கிடைத்த கைடு எதுவானாலும் முதலில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். நான் வாங்கியது 2017 பதிப்பு. அதில் பிரமாணம் என்ற சொல்லே இல்லை. இல்லாததை ஒரு மாதம் தேடினேன்.

2. இரண்டு காதைகளை எடுத்து வையுங்கள்

மணிமேகலையின் முப்பது காதைகளில் உங்களுக்கு வேண்டியவை இரண்டே. 27ஆவது, சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை. 29ஆவது, தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை. முன்னதில் பிரமாணங்கள், அதாவது அளவைகள். பின்னதில் அனுமானத்தின் உறுப்புகளும் போலிகளும்.

காசு செலவழிக்க வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் உரையோடு கிடைக்கிறது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் மூலம் கிடைக்கிறது. மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு 29ஆம் காதைக்குள் இறங்காதீர்கள், மூச்சு முட்டும். ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையெழுதிய பதிப்பில் கடைசி நான்கு காதைகளுக்கு உரை ஔவை துரைசாமிப் பிள்ளையுடையது. நமக்கு வேண்டியவை இரண்டும் அந்த நான்கில் அடக்கம். உரையை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே போதும், செய்யுளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மேலைத் தருக்கத்துக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இ-ஞானகோஷ் தளத்தில் தத்துவப் பாடங்களைத் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் இலவசம், எழுத்தும் எளிமை.

3. நான்கு கட்டம் போட்ட நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் கலைச்சொல், தேர்வுத் திரையில் வரும் ஆங்கில எழுத்திலேயே. இரண்டாவதில் அதன் உச்சரிப்பு தமிழில். மூன்றாவதில் மணிமேகலையோ உரையோ தரும் பெயர். நான்காவதில் நீங்களே யோசித்த எடுத்துக்காட்டு ஒன்று.

முதல் கட்டத்தைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பாடத்தின் இரண்டாம் தாள் தமிழிலேயே வரும். முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். கருதல் அளவையைக் கரைத்துக் குடித்திருந்தாலும் 'அனுமானா' என்ற ஆங்கில எழுத்துக்கோவையைத் திரையில் பார்த்ததும் பளிச்சென்று பிடிபடவில்லையென்றால் படித்தது வீண். எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இருக்காது. ஓரிடத்தில் கூடுதலாக ஒரு 'எச்', இன்னோரிடத்தில் 'டி' இரட்டிக்கும். நம் பக்கத்திலும் இதே கதைதான்: பிரத்தியட்சம், பிரத்தியக்கம், பிரத்தியம் என்று மூன்று வடிவம் பார்ப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து எழுதுங்கள்.

நான்காம் கட்டத்தில் கைடில் இருக்கும் எடுத்துக்காட்டைப் பார்த்து எழுதினால் இரண்டு நாளில் மறந்துவிடும். உங்கள் ஊர், உங்கள் வீடு, உங்கள் ஹாஸ்டல் வரட்டும்.

4. ஆறு அளவைகள்

27ஆம் காதையில் அளவைவாதி, அதாவது அளவைகளை முன்வைத்து வாதிடும் சமயவாதி, பத்து அளவைகளைச் சொல்கிறான். வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறு என்றார் என்று கணக்கும் கொடுக்கிறான். அப்புறம், இப்போது வழக்கில் உள்ளவை இவையே என்று ஆறை மட்டும் எடுத்து வைக்கிறான். யுஜிசியின் பாடத்திட்டத்தில் இருப்பதும் அதே ஆறுதான்.

பிரத்யட்சம் என்பது காண்டல். அனுமானம் என்பது கருதல், அதாவது ஊகித்து அறிதல். உபமானம், உவமம். சப்தம், ஆகமம், அதாவது நம்பத்தக்க நூலின் சொல். அர்த்தாபத்தி, அருத்தாபத்தி. அனுபலப்தி, அபாவம். ஆறு வரியில் முடிந்தது.

இவற்றில் காண்டலும் கருதலும் யாருக்கும் குழம்புவதில்லை. உவமத்துக்குக் காட்டும் எடுத்துக்காட்டு கவயம்: காட்டில் வாழும் அந்த விலங்கு பசுவைப் போலிருக்கும் என்று கேட்டிருந்தவன், நேரில் பார்த்ததும் 'இதுதான் அது' என்று அறிவது. கைடுகளிலும் இதே மாடுதான் மேய்கிறது.

அருத்தாபத்தியில் கொஞ்சம் நில்லுங்கள். கைடு தரும் எடுத்துக்காட்டு தேவதத்தன். பகலில் சாப்பிடுவதே இல்லை, ஆனால் பருத்துக்கொண்டே போகிறான். அப்படியென்றால் இரவில் சாப்பிடுகிறான். மணிமேகலை தருவது வேறு: ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஆற்றுக்குள் யாரும் வீடு கட்டமாட்டார்களே, கரையில் இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்வது. ஒத்துவராத இரண்டைப் பொருத்துவதற்கு மூன்றாவதாக ஒன்றை ஏற்றுக்கொள்கிறோம். என் நோட்டில் எழுதியது இது: அறைத் தோழன் மெஸ் கணக்கில் ஒரு மாதமாகப் பெயரே இல்லை, ஆளோ தெம்பாகத்தான் இருக்கிறான், வெளியே எங்கோ சாப்பிடுகிறான்.

அபாவம் பலருக்கு வேடிக்கையாகத் தெரியும். மேசைமேல் பேனா இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? கண் மேசையைப் பார்க்கிறது, இல்லாத பேனாவை எப்படிப் பார்க்கும்? பேனா இருந்தால் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை, ஆகவே இல்லை. இந்த அறிவை மற்ற ஐந்தில் எதிலும் அடக்க முடியாது என்பது மீமாம்சை என்ற வேத வழித் தத்துவத்தின் ஒரு பிரிவினரான பட்ட மீமாம்சகர் வாதம்.

கேள்வி வரும் இடம் எது தெரியுமா? எந்தச் சமயம் எத்தனை அளவையை ஏற்கிறது என்பது. சார்வாகம் 1, அதாவது காட்சி மட்டும். பௌத்தமும் வைசேடிகமும் 2. சாங்கியம் 3. நியாயம் 4. பிரபாகர மீமாம்சை 5. பட்ட மீமாம்சையும் அத்வைத வேதாந்தமும் 6. ஒரு படிக்கு ஒன்று கூடுகிறது: காட்சி, கருதல், ஆகமம், உவமம், அருத்தாபத்தி, அபாவம். வரிசையைப் பிடித்துக்கொண்டால் எண்ணிக்கை தானாக வரும். பௌத்தம் இரண்டைத்தான் ஏற்கும் என்பதை 29ஆம் காதையில் மணிமேகலையின் குருவான பௌத்தத் துறவி அறவண அடிகளே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார்.

கேள்விக்கு வராத ஒன்று, ஆனால் எனக்குப் பிடித்தது: பத்தில் ஒன்றான ஐதிகம். 'இந்த மரத்தில் பேய் இருக்கிறது' என்று ஊரெல்லாம் சொல்வதை நம்புவதற்குக்கூட ஓர் அளவைப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

5. மலை, புகை, அடுக்களை

இந்த அலகின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்ற எதற்கு நேரம் இல்லாவிட்டாலும் இதற்கு ஒரு வாரம் கொடுங்கள். அனுமானத்தின் ஐந்து உறுப்புகள் இவை.

பக்கம்: இம்மலை நெருப்புடையது.
ஏது: புகையுடையதாதலால்.
திட்டாந்தம்: எது புகையுடையதோ அது நெருப்புடையது, அடுக்களை போல.
உபநயம்: இம்மலையும் புகையுடையது.
நிகமனம்: ஆகவே இம்மலை நெருப்புடையது.

தேர்வில் இவை பிரதிக்ஞா, ஹேது, உதாகரணம், உபநயம், நிகமனம் என்று வரும். வரிசைப்படுத்தச் சொல்லிக் கேட்பார்கள். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: நம்மவர்கள் முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்துக்குப் போகிறார்கள். மேலைத் தருக்கத்தில் பொதுவிதி முன்னால், முடிவு கடைசியில். வீட்டில் சண்டை போடும்போது நாம் எப்படிப் பேசுகிறோம்? "அவன் வரமாட்டான். ஏன்னா பஸ்ஸு போயிருச்சு." பக்கம் முன்னே, ஏது பின்னே.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன.

முதல் குழியில் நான் விழுந்தேன். மணிமேகலையில் 'பக்கம்' என்பது நிறுவ வேண்டிய வாக்கியம் முழுவதும். நெட் கேள்வியில் 'பட்சம்' என்றால் பெரும்பாலும் மலை மட்டும்தான், அதாவது எதைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பொருள். ஒரே சொல்தான், இரண்டு வேலை செய்கிறது. நோட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: மலை பட்சம், நெருப்பு சாத்தியம் (நிறுவ வேண்டியது), புகை ஹேது (காரணம்), அடுக்களை சபட்சம் (நெருப்பு இருக்கும் இடம்), நீர்நிலை விபட்சம் (நெருப்பு இல்லாத இடம்). மேலைத் தருக்கத்தோடு பொருத்தச் சொன்னால் மலை மைனர் டெர்ம், நெருப்பு மேஜர் டெர்ம், புகை மிடில் டெர்ம்.

இரண்டாவது, உறுப்புகளின் எண்ணிக்கை. நியாயத்துக்கு ஐந்து. பௌத்தத்துக்கு மூன்று போதும். உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்கிறது மணிமேகலை. கேள்வியில் 'நியாயத்தின்படி' என்று இருக்கிறதா, வேறா என்று இரண்டு தடவை பாருங்கள். அந்த ஐந்தும்கூடப் பிறருக்கு நிறுவிக் காட்டுகிற பரார்த்த அனுமானத்துக்குத்தான். தனக்குத் தானே ஊகித்துக்கொள்ளும் ஸ்வார்த்த அனுமானத்துக்கு இத்தனை வாக்கியம் தேவையில்லை.

மூன்றாவது, வியாப்தியை, அதாவது ஏதுவுக்கும் நிறுவ வேண்டியதுக்கும் உள்ள பிரியாத தொடர்பை, திருப்பிப் போடுவது. 'புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு' என்பது வியாப்தி. 'நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு' என்பது வியாப்தி இல்லை. கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாருங்கள்: நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. நெருப்பிலிருந்து புகை வர வேண்டுமானால் விறகு ஈரமாக இருக்க வேண்டும். இப்படி இடையில் ஒட்டிக்கொள்ளும் நிபந்தனைக்குப் பெயர் உபாதி. தமிழில் உபாதை என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சிரிக்காதீர்கள், நான் குழப்பிக்கொண்டேன்.

அனுமானத்தின் மூவகையும் 27ஆம் காதையில் இருக்கிறது: பொது, எச்சம், முதல். கருத்த மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது முதல், தேர்வில் பூர்வவத். ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம், தேர்வில் சேஷவத். காட்டில் பிளிறல் கேட்டு அங்கே யானை இருக்கிறது என்பது பொது, தேர்வில் சாமான்யதோதிருஷ்ட. காரணத்திலிருந்து காரியத்துக்குப் போனால் பூர்வவத், காரியத்திலிருந்து காரணத்துக்கு வந்தால் சேஷவத். குற்றாலத்தில் ஐந்தருவி திடீரென்று பெருக்கெடுத்ததும் "மேல மழை" என்று கத்துகிறார்களே, அது சேஷவத்.

6. போலிக் காரணங்கள் ஐந்து

ஹேத்வாபாசம் என்றால் ஏதுப்போலி. காரணம் போலத் தெரியும், காரணம் இல்லை. மணிமேகலை மூன்றைச் சொல்கிறது: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். நியாய நூல்கள் சொல்வது ஐந்து. தேர்வுக்கு ஐந்தும் வேண்டும்.

அசித்தம்: காரணமே நிற்காது. 'ஒலி அழியக்கூடியது, கண்ணால் காணப்படுவதால்' என்றால், ஒலியைக் கண்ணால் யார் பார்த்தார்? 'ஆகாயத் தாமரை மணக்கும், தாமரையாதலால்' என்பதும் இதில் சேரும், அப்படியொரு பூவே இல்லாததால்.

அநைகாந்திகம், தேர்வில் பெரும்பாலும் சவ்யபிசாரம்: காரணம் இரண்டு பக்கமும் சாயும். 'அவர் பேராசிரியர், ஏனென்றால் கண்ணாடி போட்டிருக்கிறார்.' என் அத்தையும் கண்ணாடி போட்டிருக்கிறார்.

விருத்தம்: சொன்ன காரணம் எதிராளிக்கு வேலை செய்யும். 'ஒலி என்றும் அழியாதது, உண்டாக்கப்படுவதால்.' உண்டாக்கப்படுவது அழியும் என்பதல்லவா வழக்கு?

சத்பிரதிபட்சம்: சமபலத்தோடு எதிர்க் காரணம் ஒன்று நிற்கும். ஒருவர் ஒலி அழியாதது, கேட்கப்படுவதால் என்பார். இன்னொருவர் அழிவது, உண்டாக்கப்படுவதால் என்பார்.

பாதிதம்: வேறொரு அளவை வந்து அடித்துவிடும். 'நெருப்பு குளிர்ந்தது, பொருளாதலால், நீரைப் போல.' தொட்டுப் பார்த்தால் முடிந்தது வழக்கு.

விருத்தமும் சத்பிரதிபட்சமும்தான் மாறிப் போகும். ஒரே காரணம் திரும்பி வந்து கடித்தால் விருத்தம். எதிரே வேறொரு காரணம் வந்து நின்றால் சத்பிரதிபட்சம்.

7. மேலைத் தருக்கம்: தமிழ் காலை வாரும் இடம்

நால்வகை வாக்கியங்களுக்கு ஏ, ஈ, ஐ, ஓ என்று பெயர். நம் உயிரெழுத்து மாதிரியே ஒலிக்கும்.

ஏ: எல்லா மாணவரும் தேறினர்.
ஈ: எந்த மாணவரும் தேறவில்லை.
ஐ: சில மாணவர் தேறினர்.
ஓ: சில மாணவர் தேறவில்லை.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். "எல்லாரும் வரவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். இது ஈ-யா, ஓ-வா? கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு "இன்னும் எல்லாரும் வரல" என்றால் சிலர் வந்திருக்கிறார்கள், மீதிப் பேர் வரவேண்டும், அது ஓ. வகுப்பில் ஆசிரியர் வெறும் பெஞ்சுகளைப் பார்த்துக் கோபமாக "எல்லாரும் வரல" என்றால் ஒருவர்கூட இல்லை, அது ஈ. தமிழில் அழுத்தத்தையும் இடத்தையும் வைத்துப் பிரித்துக்கொள்கிறோம், தாளில் அழுத்தம் தெரியாது. ஆங்கிலக் கேள்வியை மனதில் தமிழாக்கும்போது 'எல்லாரும்... இல்லை' என்று மாற்றவே மாற்றாதீர்கள். 'ஒருவரும் இல்லை' அல்லது 'சிலர் இல்லை' என்று இரண்டில் ஒன்றாக மாற்றுங்கள். மாதிரித் தேர்வுகளில் எனக்குப் போன மதிப்பெண்களில் பாதி இங்கேதான் போனது.

'சில' என்பதிலும் இதே வம்பு. "சில பேர் சாப்பிட்டாங்க" என்றால் மற்றவர்கள் சாப்பிடவில்லை என்று நாம் எடுத்துக்கொள்வோம். தருக்கத்தில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று. எல்லாரும் சாப்பிட்டிருந்தாலும் 'சிலர் சாப்பிட்டனர்' என்பது உண்மைதான்.

இந்த நான்கு வாக்கியங்களையும் நான்கு மூலையில் வைத்து உறவைக் காட்டும் எதிர்நிலைச் சதுரத்தை ஒரு நாளில் முடித்துவிடலாம். மூலைவிட்டங்கள் முரண்: ஏ-யும் ஓ-வும், ஈ-யும் ஐ-யும். ஒன்று மெய்யானால் மற்றது பொய், தப்பவே முடியாது. மேலே ஏ-யும் ஈ-யும் இரண்டும் சேர்ந்து மெய்யாக முடியாது, இரண்டும் பொய்யாகலாம். கீழே ஐ-யும் ஓ-வும் இரண்டும் பொய்யாக முடியாது, இரண்டும் மெய்யாகலாம். கேள்வி பெரும்பாலும் 'ஏ பொய்யானால் மற்றவை என்ன?' என்று வரும். ஓ மெய். ஈ, ஐ இரண்டையும் தீர்மானிக்க முடியாது. இந்த 'தீர்மானிக்க முடியாது' என்ற விடையைத் தொடப் பயப்படாதீர்கள், பல நேரம் அதுதான் சரி.

மூட் (வாதத்தின் மூன்று வாக்கியங்களும் எந்த எந்த வகை என்பது), ஃபிகர் (நடுச்சொல் நிற்கும் இடம்) பகுதியில் 256 சேர்க்கைகள் என்று பயமுறுத்துவார்கள். பார்பரா, செலாரென்ட், டாரியி, ஃபெரியோ என்ற செல்லுபடியாகும் வடிவங்கள் நான்கையும், நடுச்சொல் எந்த இடத்தில் வந்தால் எந்த ஃபிகர் என்பதையும் பார்த்துக்கொண்டு நகருங்கள். மீதியை வட்டங்களை வெட்டிக்கொள்ளுமாறு வரையும் வென் படம் போட்டுச் சரிபார்க்கலாம்.

பி.எட். முடித்தவர்களுக்கு ஒரு சௌகரியம். டிடக்டிவ், இன்டக்டிவ் என்று வருபவை நீங்கள் கற்பித்தல் முறையில் படித்த விதிவிளக்கு முறையும் விதிவருமுறையும்தான்.

கனோட்டேஷன், டினோட்டேஷன் என்றால் பூக்கடைக்குப் போங்கள். 'பூ' என்றால் கடை முழுக்க அடங்கும். 'மல்லிகை' என்றால் ஒரு கூடை. 'மதுரை மல்லிகை' என்றால் அந்தக் கூடையிலும் ஒரு பங்கு. சொல்லில் பண்பு (கனோட்டேஷன்) கூடக் கூட அது சுட்டும் பொருள்கள் (டினோட்டேஷன்) குறையும்.

8. வழுக்கள்: பழமொழியில் மாட்டி வையுங்கள்

இன்ஃபார்மல் ஃபேலசி பட்டியலைப் பெயரோடு உருப்போட்டால் ஒரு வாரம் தாங்காது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி தேடினேன்.

போஸ்ட் ஹாக் என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ரெட் ஹெரிங் என்பது நன்னூல் பத்துக் குற்றங்களில் வரும் 'மற்றொன்று விரித்தல்'. நன்னூல் அதை நூல் எழுதுகிறவனுக்குச் சொன்னது, வாதிக்கிறவனுக்கு அல்ல. ஆனாலும் கொக்கி கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆட் ஹாமினம் என்பது சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவரைப் பிடிப்பது. "நீ மட்டும் யோக்கியமா?" என்பது அதிலேயே ஒரு வகை, டூ குவோக்வே. ஆட் பாபுலம், ஊரே சொல்கிறது என்பது. ஸ்ட்ரா மேன், எதிராளி சொல்லாததை அவர் வாயில் திணித்து அதை வெட்டிச் சாய்ப்பது.

ஹேஸ்டி ஜெனரலைசேஷனுக்கு 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று பலர் எழுதி வைக்கிறார்கள். அது சரியில்லை. பானையில் எல்லாம் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. அங்கே ஒரு சோறு பார்த்தால் போதும், அது நல்ல இன்டக்‌ஷன். ஒரு ஊர்க்காரர் ஏமாற்றினார் என்று அந்த ஊரையே ஏமாற்றுக்காரர்கள் என்பதுதான் வழு. ஊர் பானை இல்லை.

கம்போசிஷனும் டிவிஷனும் மாறிப் போகும். ஒவ்வொரு ஆட்டக்காரரும் நன்றாக ஆடுகிறார், அதனால் அணி நல்ல அணி என்றால் கம்போசிஷன். அணி நல்ல அணி, அதனால் ஒவ்வொருவரும் நன்றாக ஆடுவார் என்றால் டிவிஷன்.

9. காலமும் செலவும்

நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம், ஆறு வாரம். அளவைகளுக்கு ஒரு வாரம், ஐந்து உறுப்புக்கும் வியாப்திக்கும் ஒரு வாரம், போலிகளுக்கு நான்கு நாள், சதுரத்துக்கும் வென் படத்துக்கும் பத்து நாள், வழுக்களுக்கு ஒரு வாரம். மீதி நாளெல்லாம் பழைய வினாத்தாள்கள். தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. 2019 ஜூனுக்குப் பிந்தியவற்றை மட்டும் எடுங்கள்.

எனக்கு ஆன செலவு: நோட்டு 30 ரூபாய், ஜெராக்ஸ் 110 ரூபாய், புதிய பதிப்பு கைடு 420 ரூபாய். பயிற்சி மையத்துக்குக் கட்டியதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, வயிறு எரிகிறது.

10. விண்ணப்பமும் சான்றிதழும்

தேர்வு ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு சுற்று. தேதி அவ்வப்போது தள்ளிப் போகும். விண்ணப்பச் சாளரம் சில வாரங்களே திறந்திருக்கும். 2024இல் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,150 ரூபாய், ஓபிசி, இடபிள்யுஎஸ் பிரிவுகளுக்கு 600, பட்டியல் பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 325. கட்டுமுன் அந்தச் சுற்றின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்காரர்கள் மாட்டும் இடம் சாதிச் சான்றிதழ். நம் கையில் இருக்கும் பிசி, எம்பிசி சான்றிதழ் மாநிலத்துக்கானது. நெட் கேட்பது மத்திய அரசின் ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ், அது தனி. முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், 60 ரூபாய். எனக்கு வந்து சேரப் பதினெட்டு நாளானது. அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே போட்டு வையுங்கள். வருமான விவரம் சேர்ந்தது என்பதால் பழைய சான்றிதழ் செல்லாமல் போகலாம், தேதியைச் சரிபாருங்கள்.

11. தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

இரண்டு தாளும் ஒரே அமர்வு, மூன்று மணி நேரம், 150 கேள்வி, நடுவில் இடைவெளி இல்லை. நான் இரண்டாம் தாளை முதலில் முடித்துவிட்டு முதல் தாளுக்கு வந்தேன். அங்கே கடைசி இருபது நிமிடத்தை ஆறாம் அலகுக்கென்று வைத்திருந்தேன். உள்ளே போனதும் ரஃப் தாள் கொடுப்பார்கள். உட்கார்ந்த கையோடு அதில் சதுரத்தை வரைந்து, மலை–பட்சம், நெருப்பு–சாத்தியம், புகை–ஹேது என்று எழுதிவிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. இரண்டரை மணி நேரம் கழித்து மூளை வறண்டு கிடக்கும்போது அது பேசும்.

தேர்வுக்குச் சில நாள் கழித்து உங்கள் விடைகளும் தற்காலிக விடைக்குறிப்பும் தளத்தில் வரும். உடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் விடை தவறென்று தோன்றினால் ஆட்சேபிக்கலாம், கேள்விக்கு 200 ரூபாய், அந்தப் பணம் திரும்ப வராது. நான் ஒரு கேள்விக்குக் கட்டினேன். விருத்தமா சத்பிரதிபட்சமா என்ற கேள்விதான். பணம் கட்டிய அன்று இரவு நோட்டைப் புரட்டிப் பார்த்தால், அவர்கள் போட்டதே சரி.